வெளியூர் மூக்கு

மைனி,

நேற்று சாயங்காலம் ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்தேன். குளித்து, அண்ணன் போட்டுத் தந்த கட்டன் சாயாவைக் குடித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். மேலாக உங்கள் சாம்பல் நிற ஸ்வெட்டர் கிடந்தது. அதை உங்கள் பீரோவில் திரும்ப வைக்கலாமென்று கதவைத் திறந்தால், உள்ளேயிருந்து புகை மணம் குப்பென்று வந்து முகத்தில் அடித்தது. எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று ஒரு நிமிடம் பயந்தே போனேன். பிறகுதான் புரிந்தது, இது நம் வீட்டு மணம் என்று. வீட்டுக்குப் பின்னால் புகைப்புரையில் தேங்காய்த் தொண்டும் ரப்பர் விறகும் போட்டு, ரப்பர் ஷீட்டைப் புகைத்துக் காயவைக்கிறோமே, அந்த மணம். சேலை, தலையணை, அரிசிப்பானை என்று எல்லாவற்றிலும் ஏறிக் கிடக்கிறது.

இங்கேயே கிடப்பவர்களுக்கு இது தெரியாது. பத்து நாள் வெளியே போய்விட்டு வந்தால் தெரியும். அதுவும் இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் மூக்கு பழகிவிடும். "நமக்கு மணக்காது மக்கா, போயிட்டு வந்தாத்தான் மணக்கும்" என்று சொன்னது நீங்கள்தான். அதனால் மூக்கு பழகுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வேறொரு காரணமும் உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று நான் சொல்லியாக வேண்டும். போட்டால் நம் பட்டறை மூடப்படும். உங்களிடம் கேட்காமல் நான் எதையும் முடிவு செய்ததில்லை. கேட்டுவிட்டு அதற்கு நேர் எதிராகச் செய்ததுதான் நிறைய.

நம் கம்பெனி பிறந்த கதையை ஜெர்மனி வியாபாரக் கண்காட்சியில் இந்த முறையும் நாலைந்து பேரிடம் சொன்னேன். யாரும் நம்புவதில்லை. திற்பரப்பு அருவிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு டென்மார்க்காரியின் ஆட்டோ, அருமனை தாண்டி நம் வீட்டு வாசலில் நின்றுபோனது. டிரைவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். அவள், அந்த ஹெலெனா, நம் நாய் கறுப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாயில் நீங்கள் சுற்றிக் கொடுத்த ஒட்டுபால் பந்து. மரத்தில் பால் வெட்டிய கீறலில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர் நாடாவை உரித்து, நூல்கண்டு போலச் சுற்றிச் சுற்றி உருட்டினால் பந்து. நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் கைவந்த வேலைதான். மூன்று வருடமாகக் கடித்தும் கறுப்பனால் அதைக் கிழிக்க முடியவில்லை. இதை எங்கே வாங்கலாம் என்று அவள் கேட்டாள், நான் தமிழில் சொன்னேன்.

"வாங்கவா? களியாக்குதாளாட்டி இவ?" என்றீர்கள், அவள் கேலி செய்கிறாள் என்று நினைத்து. கறுப்பன் வாயிலிருந்து பந்தைப் பிடுங்கி, குழாயில் கழுவி, முந்தானையால் துடைத்து அவள் கையில் கொடுத்தீர்கள். அவள் சொந்த ஊரில் நாய்ப் பொருட்கள் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறாள் என்பது அவள் போய் ஒரு மாதம் கழித்து இமெயில் வந்தபோதுதான் தெரிந்தது. இருநூறு பந்து வேண்டும் என்று எழுதியிருந்தாள். கம்பெனிக்கு நாம் இன்னும் பெயரே வைத்திருக்கவில்லை. அதற்குள் அதற்கு டென்மார்க்கில் ஒரு வாடிக்கையாளர்.

நான் மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். வேலையை விட்டேன். நீங்கள் நாகர்கோவிலில் ஒரு பழைய பட்டறையிலிருந்து ரப்பர் ஷீட்டை அச்சில் வைத்து அழுத்தி வேகவைத்துப் பந்தாக்கும் மெஷினை வாங்கி வந்தீர்கள். அப்போது மஸ்கட்டில் வேலையில் இருந்த அண்ணன் போனில் கத்தியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "நாய்க்கிப் பந்தா? ஊர்ல சிரிக்கமாட்டானுவளா?" நீங்கள் கொஞ்சமும் அசரவில்லை.

"ஊர்க்காரனுக்கா விக்கேன்? பக்கத்து வீட்டுக்காரிக்கு விக்கதுன்னா எனக்கு வெக்கமா இருக்கும். டென்மார்க்காரிக்கு விக்கதுக்கு என்ன வெக்கம்? அவ நம்ம அடுக்களையப் பாத்தாளா, கல்யாணத்தப் பாத்தாளா?"

அதன் பிறகு சிறுதொழில் செய்பவர்களுக்கென்று நாகர்கோவிலில் ஒரு பயிற்சிக் கூட்டம் நடந்தது. மேடையில் ஒருவர் பலகையில் படிக்கட்டு வரைந்தார். முதலில் ஊரில் விற்க வேண்டும், பிறகு தாலுகாவில், பிறகு மாவட்டம், மாநிலம், கடைசியாகத்தான் வெளிநாடு, அதுவும் பத்து வருடம் கழித்து. நீங்கள் எழுந்து நின்று, "சார், எங்க ஊர்ல நாய்க்கிப் பந்து வாங்குகவன் ஒருத்தனக் காட்டுங்க. நாளைக்கே கீழ்ப் படியில இருந்து ஏறுகேன்" என்றீர்கள். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். மத்தியானச் சாப்பாட்டில் அவர் உங்களைத் தேடி வந்து, உண்மையிலேயே அந்த ஊர்களில் நாய்க்குப் பொம்மை வாங்குகிறார்களா என்று கேட்டார்.

அவர் சொன்னதிலும் கொஞ்சம் விஷயம் இருந்தது மைனி. அப்போது எனக்குப் புரியவில்லை. ஊருக்குள் விற்றிருந்தால் நம் தப்பை மறுநாளே யாராவது வாசலில் வந்து நின்று சொல்லியிருப்பார்கள். நம் தப்புகள் எல்லாம் கடல் தாண்டிப் போய்ப் பெட்டி திறந்த பிறகுதான் நமக்கே தெரிய வந்தன. முதல் இருநூறு பந்தும் போய்ச் சேர்ந்ததும் ஹெலெனா எழுதினாள். பந்து அருமை, ஆனால் பயங்கரமாகப் புகை நாற்றம் அடிக்கிறது, கடைக்குள் வைக்க முடியவில்லை, வாங்கியவர்கள் திருப்பித் தருகிறார்கள்.

நாம் ஒரு பந்தை எடுத்து மோந்து பார்த்தோம். ஒன்றும் இல்லை. பால் வெட்டுகிற தங்கையனைக் கூப்பிட்டோம். "ஒண்ணும் மணக்கல்லியே" என்றார். தபால்காரர், பால்காரி, எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார், எல்லோரும் மோந்து பார்த்துவிட்டு அதையே சொன்னார்கள். அந்த டென்மார்க்காரி நம்மை ஏமாற்றுகிறாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அந்த வாரம் சேலத்திலிருந்து அட்டைப்பெட்டி இறக்க வந்த லாரி டிரைவர் முற்றத்தில் கால் வைத்ததும் மூக்கைச் சுளித்து, "ஏங்க்கா, எங்கயாச்சும் தீப்புடிச்சிருக்கா?" என்று கேட்டார். நீங்கள் அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, பந்து ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னீர்கள். எல்லாமே நாறுகிறது என்றார் பாவம். ஊர் மொத்தமும் புகைத்த ஷீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்திருக்கிறது. அதை மோந்து சொல்ல வெளியூர்க்காரர் வேண்டியிருந்தது.

அன்றைக்கு நீங்கள் சொன்னது இன்னொன்று. "நாத்தம், நாத்தம்ணு சொல்லுதா. கடிக்கப்போறது நாயி. அவ நாய்ட்ட கேட்டாளாட்டி?" நான் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம். வியாபாரம் தெரியாத பேச்சு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்களும் வாதாடவில்லை. மறுநாளே புகைபோடாமல் நிழலில் காற்றாடக் காயவைத்த ஷீட்டுக்கு மாறினோம். மழைக்காலத்தில் அது காய்வதற்குள் பூசணம் பிடித்துவிடும். ஷீட்டைத் துடைத்துத் துடைத்து உங்கள் விரல் வெடித்துப்போனது.

மணம் போய்விட்டதா என்று பார்க்க நீங்கள் கண்டுபிடித்த வழியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பட்டறைப் பெண்களில் இரண்டு பேர், ஆளுக்கு நாலு பந்தோடு, திற்பரப்புக்குப் பஸ் ஏற வேண்டும். அருவியில் குளித்துவிட்டு வரும் வெளியூர்க் குடும்பங்களை நிறுத்தி, "கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். பைத்தியம் என்று நினைத்தவர்கள் உண்டு. நீங்கள் அதற்கும் விதி வைத்திருந்தீர்கள். மதுரைக்காரர் மூக்கு நல்லது, கோயம்புத்தூர் அதைவிட நல்லது. "கொல்லம், பத்தனம்திட்டக்காரன்ட்ட கேக்காதீங்க. அவியளும் ரப்பர்காரங்கதான், அந்த மூக்கு ஆவாது." மூன்று வெளியூர் மூக்கு சரி என்று சொன்ன பிறகுதான் பெட்டி ஒட்டுவோம். பட்டறையில் அந்தச் சோதனைக்குப் பெயரே மூக்கு என்றாகிவிட்டது. "இந்த லோடுக்கு மூக்கு ஆச்சா?" என்று பட்டறையில் வேலை பார்க்கும் செல்வி இன்றைக்கும் கேட்கிறாள்.

டென்மார்க்குக்குப் பின் ஜெர்மனி, ஜப்பான், கனடா. ஐந்தாம் வருடம் முடியும்போது எட்டு நாடு. அருமனைச் சந்தையில் நம் பெயர் தெரிந்தவர் எட்டுப் பேர் இல்லை. எட்டு நாட்டுக்கும் எட்டு மொழியில் லேபிள், எட்டு விதமான விதிமுறை, எட்டு நாட்டு லீவு நாள். அச்சு சேர்கிற இடத்தில் ஒரு மயிர்க்கோடு தெரிகிறது என்று ஜப்பானிலிருந்து ஒரு முழு லோடு திரும்பி வந்தது. இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வயது எனக்குப் போய்விட்டது. களைப்பாக இருக்கிறது மைனி. நீங்கள் இருந்தபோது பாதிக் களைப்பு உங்களுடையது. ஒரு கெட்ட இமெயில் வந்தால் நான் படித்துச் சொல்வேன், நீங்கள் "சவம், போட்டு" என்று விட்டுத் தள்ளுவீர்கள், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சரி செய்வோம். இப்போது நானே படித்து, நானே சவம் என்று சொல்லி, நானே சரி செய்கிறேன்.

ஸ்வெட்டர் விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை நேரம் அதைச் சுற்றியேதான் நடந்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் வருடம் ஹெலெனா நம் இரண்டு பேரையும் கண்காட்சிக்குக் கூப்பிட்டாள். நீங்கள் நாகர்கோவிலில் மூன்று கடை ஏறி இறங்கி இந்த ஸ்வெட்டரை வாங்கி வந்தீர்கள். கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்து, "எப்பிடி இருக்கேன், வெள்ளக்காரி மாரி இருக்கேனா?" என்று கேட்டீர்கள். நான் ஏதோ லேபிள் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இங்கிலீஷ் தெரியாம நீங்க அங்க வந்து என்ன செய்யப் போறீங்க மைனி?" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். நீங்கள் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்தீர்கள். "அதும் சரிதான். நீ போ. ரெண்டு பேரும் போனா மூக்குக்கு ஆள் தேடுகது ஆரு?" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அதற்குப் பிறகு ஏழு வருடம் நான் மட்டும் போனேன். ஒரு தடவைகூட நான் உங்களைக் கூப்பிடவில்லை, நீங்களும் கேட்கவில்லை. போன கார்த்திகையில் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தீர்களே, அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்க வாயெடுத்தேன். "ஜப்பான்காரன் லோடு போச்சாட்டி?" என்றீர்கள். போயிற்று என்றேன். நம் கடைசிப் பேச்சு அதுதான்.

இந்த முறை கிளம்பும்போது உங்கள் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டேன். எனக்குத் தோளில் கொஞ்சம் பெரிது. முதல் நாள் காலையில் ஹெலெனா என்னைக் கட்டிப்பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. என் தோளில் முகத்தை வைத்து மோந்து பார்த்துவிட்டு, இது உன் மைனியின் ஸ்வெட்டரா என்று கேட்டாள். எப்படித் தெரிந்தது என்றேன். புகை மணம் என்றாள். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை.

கையெழுத்து விஷயத்தை அன்று மத்தியானம்தான் சொன்னார்கள். ஹெலெனாவின் கடை வளர்ந்து கம்பெனியானது உங்களுக்குத் தெரியும். அதைப் போன மாதம் ஒரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது. அதன் ஆள் ஒருவர் காகிதத்தோடு வந்து உட்கார்ந்தார். நம் பெயரும் பந்து வடிவமும் அவர்களுக்கு. உற்பத்தி முழுக்க வேறொரு நாட்டில் ஒரு பெரிய தொழிற்சாலையில். எனக்கு ஆலோசகர் என்று ஒரு நாற்காலி, ஒழுங்கான சம்பளம். பட்டறையில் வேலை பார்க்கும் பதினோரு பெண்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கேட்டதற்கு, அது உங்கள் உள்ளூர் விஷயம் என்றார். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபமில்லை. அப்பாடா, இனி தூங்கலாம் என்றுதான் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டுதான் மீதி நாட்களைக் கழித்தேன்.

கடைசி நாள் சாமான்களைக் கட்டும்போது ஹெலெனா வந்தாள். தான் அந்தப் பெரிய கம்பெனியில் இருக்கப் போவதில்லை என்று சொன்னாள். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு பந்தை எடுத்து மேஜையில் வைத்தாள். நம் முதல் இருநூறில் ஒன்று. மேலெல்லாம் பல் தடம். அவளுடைய கிழட்டு நாய் சாகும்வரை விடாமல் கடித்ததாம். அந்த முதல் லோடுக்குப் பிறகு நாம் அனுப்பிய மணமில்லாத பந்து எதையும் அது ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிடுமாம். நாற்றம் என்று எழுதியது நான்தானே, உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது என்றாள்.

நான் சிரித்தேன். அடக்க முடியாமல் சிரித்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. வெறும் பெட்டி மேல் உட்கார்ந்து, உங்கள் ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே அழுதேன். பத்து வருடம் ஷீட்டைத் துடைத்தோமே மைனி. யாருமே நாயிடம் கேட்கவில்லை.

இதுவரை எழுதிவிட்டுப் பட்டறைக்குப் போய் வந்தேன். செல்வியையும் மற்றவர்களையும் உட்காரவைத்துக் காகிதத்தில் இருப்பதைச் சொன்னேன். அழுவார்கள் என்று நினைத்தேன். செல்வி கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ரொம்ப தளந்து போயிட்டீங்க அக்கா. எங்களுக்குத் தெரியாதா? மைனி போனதுக்குப் பொறவு ஒங்க மொகமே சரியில்ல" என்றாள். பிறகு, "எட்டு நாடு என்னத்துக்கு? ஆரு கேட்டா? ரெண்டு நாடு போதும்னு வச்சா நாங்களே பாத்துக்கிடுவோம். லேபிள் மட்டும் நீங்க எழுதித் தாங்க" என்றாள்.

எனக்கு இது தோன்றவே இல்லை. முதல் நாளிலிருந்தே வெளிநாடு, வெளிநாடு என்று ஓடியதில், நிற்கலாம், குறைக்கலாம் என்பதே மறந்துவிட்டது. படிக்கட்டில் ஏறாமல் நேராக மாடிக்குப் போனவர்களுக்கு எப்படி இறங்குவது என்று தெரியாது போலிருக்கிறது. அண்ணனிடம் கேட்டேன். அவர் புகைப்புரைக்குத் தொண்டு அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல், "அவ இருந்தா ஆரு சொன்னாலும் கேக்கமாட்டா. நீ கேக்கியா, அதுவே போதும்" என்றார். அதை என்ன பதில் என்று எடுத்துக்கொள்வது? சாயா போடப் போய்விட்டார்.

இன்று வியாழன், மூன்றாம் நாள். காலையில் கம்பெனிக்காரருக்குப் பதில் எழுதினேன். கையெழுத்துப் போடவில்லை. ஆறு நாட்டுக்காரர்களுக்கு, கையில் இருக்கும் ஆர்டரோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று எழுதினேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் அனுப்பினேன். ஜப்பானை மட்டும் விட மனம் வரவில்லை, கடைசியாக நீங்கள் கேட்டது அவர்களை. இன்னொன்று டென்மார்க். ஹெலெனா மறுபடியும் சின்னக் கடை போடுகிறாள். அவளுக்குப் பழையபடி புகைபோட்ட ஷீட்டில் இருநூறு பந்து. விற்குமா என்று தெரியாது. திரும்பி வந்தாலும் வரும். லேபிளில், புகை மணம் அடிக்கும், நாயிடம் கேட்டுக்கொள்ளவும் என்று எழுதினேன். அதைத் தமிழில் சொன்னதும் செல்வி, "மைனி எழுதின மாரி இருக்கு" என்றாள். நீங்கள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதற்காகப் பத்து வருடம் காத்திருந்த வரி.

களைப்பு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இடுப்பு வலிக்கிறது, மழை பிடித்துவிட்டது, ஜப்பான்காரர்களுக்கான ஷீட்டில் பூசணம் பார்க்க வேண்டும்.

எழுத உட்காருவதற்கு முன் பீரோவைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்து மூக்கோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் மணக்கவில்லை. மூக்கு பழகிவிட்டது. நேற்று முன்தினம் முழு வீடும் நீங்களாக இருந்தது, இன்று எதுவும் இல்லை. பிறகு துவைக்காமல் அப்படியே மடித்து உள்ளே வைத்துவிட்டேன். அடுத்த வருடமும் இதைத்தான் போட்டுக்கொண்டு போவேன் மைனி. எனக்குத் தெரியாவிட்டால் என்ன, அங்கே கட்டிப்பிடிக்கிறவர்களுக்கு மணக்கும்.